மார்பகப் புற்றுநோயும் கதிர்வீச்சு மருத்துவமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி, தொட்டியம்)

அணு என்ற சொல்லைக் கேட்டவுடன் 1945-ஆம் ஆண்டு ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த குண்டுகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அதே அணுவுக்குள்ளிருந்து பிறக்கும் கதிர்கள் நம் ஊர்த் தாய்மார்களின் உயிரைக் காக்கவும் நாள்தோறும் பயன்பட்டு வருகின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இன்று முதலிடத்தில் நிற்பது மார்பகப் புற்றுநோய். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டிருக்கும் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணிப்பு. அவர்களில் பெரும்பாலோர்க்கு அறுவைச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவற்றோடு கதிர்வீச்சுச் சிகிச்சையும் தேவைப்படுகிறது.

நான் மருத்துவ மாணவி அல்லள், இயற்பியல் பயில்பவள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இல்லை. ஆகவே என் தந்தையின் தமக்கையாகிய அத்தைக்கு இந்நோய் வந்தபோது, மருத்துவமனையில் கொடுத்த தாள்களைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு என் மீது விழுந்தது. இடது மார்பை அகற்றி, ஆறு முறை மருந்து ஏற்றிய பின்னர், திருச்சியிலுள்ள ஒரு மருத்துவமனையில் அவருக்கு 25 முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். அம்மாவும் நானும் மாறி மாறித் துணைக்குச் சென்றோம். அங்கே கண்டவற்றையும், மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டவற்றையும், நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன். களிம்பு, மாத்திரை ஆகியவற்றைப் பொறுத்தவரை இறுதிச் சொல் சிகிச்சை அளிக்கும் மருத்துவருடையதே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரார் வைத்த பெயர்

எங்கள் பக்கத்தில் இச்சிகிச்சையைக் ‘கரண்டு வைப்பது’ என்பார்கள். மருத்துவமனை வரிசையில் நின்ற பிற ஊர்ப் பெண்களும் அவ்வாறே சொல்லக் கேட்டேன். பெயர் எளிது, ஆனால் அப்பெயருக்குள் பெரிய அச்சம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கரண்டு என்றால் அடிக்கும், உடம்பு கருகும், தொட்டவரையும் தாக்கும். அத்தைக்கு முதல் நாள் சிகிச்சை தொடங்குமுன்பே இம்மூன்றும் காதில் விழுந்துவிட்டன. “உள்ளே வெந்து போயிடுமாம்” என்றார் ஒருவர். “பேரப்பிள்ளையைக் கிட்டே விடாதீங்க” என்றார் மற்றொருவர். நோயைப் பற்றிக்கூட அவ்வளவு அஞ்சாத அத்தை, சிகிச்சையைப் பற்றி அஞ்சினார். இந்த அச்சத்தைப் போக்க அறிவியலால் முடியுமா என்று பார்ப்போம்.

கதிரின் கதை

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்பார் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டு பிரான்சில் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் பியரி கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இவை நாம் பாடத்தில் படித்தவையே. பாடத்தில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. பெக்கரல் ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சில நாள் கழித்து அப்பைக்கு நேராக உடலில் தோல் சிவந்து புண்ணாயிற்று. பியரி கியூரி தம் கையிலேயே ரேடியத்தை வேண்டுமென்றே வைத்துப் பார்த்து, அதே போன்ற புண் வருவதைக் கண்டார். இருவரும் 1901-இல் இதனை வெளியிட்டனர். நல்ல தோலை அழிக்கும் கதிர் நோயுற்ற தசையையும் அழிக்குமல்லவா என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வலுப்பட்டது. இன்று நாம் ‘பின்விளைவு’ என்று அஞ்சும் தோல் புண் இச்சிகிச்சைக்கு வழிகாட்டிய செய்திகளுள் ஒன்று என்பது வியப்புக்குரியது.

தொடக்கத்தில் மருத்துவர்கள் ஒரே முறையில் மிகுதியாகக் கதிரைப் பாய்ச்சினர். கட்டி கரைந்தது, தோலும் சேர்ந்து அழிந்தது. 1920-களில் பாரிஸ் நகரில் ரெகோ என்ற மருத்துவ அறிஞர் செம்மறிக் கடாக்களை வைத்து ஆய்வு செய்தார். கடாவின் விதைகளில் கதிரை ஒரே முறையில் பாய்ச்சினால், கடா மலடாகுமுன் தோல் கடுமையாகப் புண்ணாயிற்று. அதையே பிரித்துப் பல நாட்களில் கொடுத்தபோது தோல் பெரிதும் தப்பியது, கடா மலடாயிற்று. வேகமாகப் பெருகும் செல்களைப் பல சிறு அளவுகளால் அழிக்கலாம், சுற்றியுள்ள நல்ல தசையைக் காக்கலாம் என்று இதனால் அறிந்தனர். இன்று என் அத்தையைப் போன்றோர் வாரக்கணக்கில் நடப்பதற்குக் காரணம் இந்தக் கடாக்களே எனலாம்.

நம் தமிழகத்தில்

இத்துறையில் தமிழகம் பின்தங்கியிருக்கவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-ஆம் ஆண்டே பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப் பெற்றது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அயராத முயற்சியால், 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு பணியைத் தொடங்கியது. 1957-இல் கோபால்ட்-60 கருவி அங்கே நிறுவப்பட்டது.  1976-இல் இந்தியாவின் முதல் நேர்முடுக்கி எந்திரமும் அங்கேதான் வந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அந்நிறுவனத்திற்குக் கொடுத்தவர்கள். நம் நாட்டுப் பாபா அணு ஆராய்ச்சி மையம் ‘பாபாட்ரான்’ என்ற பெயரில் கோபால்ட் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கியிருப்பதும் நாம் பெருமை கொள்ளத்தக்கது.

அன்று சென்னைக்கே சென்றாக வேண்டிய சிகிச்சை இன்று திருச்சியிலேயே கிடைக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருந்தால், அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இச்சிகிச்சைக்கு உதவி பெறலாம். அத்தைக்கும் அந்த அட்டைதான் கை கொடுத்தது. தொலைவூர் மருத்துவமனைக்கு ரயிலில் செல்வோர் மருத்துவமனைச் சான்று காட்டினால் நோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

கதிர் செய்யும் வேலை

இனி ‘உள்ளே வெந்து போகுமா?’ என்ற கேள்விக்கு வருவோம். கதிர்வீச்சின் அளவை ‘கிரே’ என்ற அலகால் குறிக்கிறோம். ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது ஒரு கிரே. அத்தைக்கு நாள் ஒன்றுக்கு 2 கிரே வீதம் 25 நாட்களில் 50 கிரே என்று அட்டையில் எழுதியிருந்தது. நாம் ஆய்வகத்தில் செய்யும் கணக்கையே இங்கும் செய்து பார்க்கலாம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். அப்படியானால் 2 ஜூல் எவ்வளவு உயர்த்தும்? ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! 25 நாள் அளவையும் ஒரே நேரத்தில் கொடுத்தால்கூட ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கை ஒட்டித்தான் உயரும். நாம் குடிக்கும் ஒரு மிடறு காப்பி இதைவிடப் பல மடங்கு வெப்பத்தை உடலுக்குத் தருகிறது. ஆகவே கதிரால் எதுவும் வேகுவதில்லை. எந்திரத்தின் அடியில் படுத்திருக்கும்போது சுடுவதில்லை, வலிப்பதில்லை, அதிர்ச்சி அடிப்பதும் இல்லை.

பின் அது எவ்வாறு வேலை செய்கிறது? கதிர் செல்லுக்குள் நுழைந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவற்றால் செல்லின் மரபுச் சுருளாகிய டி.என்.ஏ. முறிகிறது. ஒரு கிரே பட்டால் ஒரு செல்லில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளும், சில பத்து இரட்டை இழை முறிவுகளும் ஏற்படுகின்றன. நல்ல செல் சில மணி நேரத்தில் பெரும்பாலான முறிவுகளைச் சீர் செய்துகொள்கிறது. புற்றுநோய்ச் செல்லுக்கு அத்திறமை குறைவு. பழுதோடு பிளவுபட முயன்று மடிகிறது. நாளைக்கு ஒரு முறை கொடுப்பதன் நுட்பம் இதுவே. நல்ல செல்லுக்கு ஓர் இரவு ஓய்வு கிடைக்கிறது. கெட்ட செல்லுக்கு அடி மேல் அடி விழுகிறது.

இந்த 25 நாள் கணக்கு எல்லாருக்கும் ஒன்றன்று. 15 நாட்களில் 40 கிரே கொடுக்கும் முறை இங்கிலாந்து ஆய்வுகளில் நன்கு தேறி இப்பொழுது பரவலாகி வருகிறது. தெரிந்தெடுத்த சிலருக்கு 5 நாட்களில் 26 கிரே கொடுக்கும் முறையின் ஆய்வு முடிவும் 2020-இல் வெளிவந்தது. எவருக்கு எத்தனை நாள் என்பதை நோயின் நிலை அறிந்து மருத்துவரே முடிவு செய்வார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 15 நாள், நமக்கு 25 நாள் என்றால் நம் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை.

எந்திரத்தின் அடியில்

சிகிச்சை தொடங்குமுன் ஸ்கேன் எடுத்து, கதிர் எந்தக் கோணத்தில் பாய வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். மார்புச் சுவரின் உள்ளே நுரையீரலும் இதயமும் இருக்கின்றன அல்லவா? அவற்றைத் தவிர்ப்பதற்காக, வட்டத்தின் ஓரத்தை உரசிச் செல்லும் தொடுகோடு போலப் பக்கவாட்டில் கதிரைச் செலுத்துகிறார்கள். வடிவகணிதத்தில் நாம் போட்ட தொடுகோடு ஓர் உயிரைக் காக்கப் பயன்படுவதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். இடப்பக்க நோயாளிகளுக்குச் சில இடங்களில் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து சற்று விலகுவதே காரணம்.

குறி தவறாதிருக்கத் தோலில் மையால் கோடிடுகிறார்கள், அல்லது பச்சை குத்துவது போல் சிறு புள்ளி வைக்கிறார்கள். மைக்கோட்டைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. அழிந்துபோனால் வீட்டில் நாமாக வரையவும் கூடாது. மறுநாள் அங்கே சொன்னால் போதும்.

அத்தை அஞ்சியது தனிமைக்கே. கனத்த கதவை மூடிவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். உண்மையில் உள்ளே காமிராவும் ஒலிவாங்கியும் உள்ளன, கூப்பிட்டால் கேட்கும். அத்தை கொடிக்காலில் வெற்றிலை அடுக்குபவர். நூறு இலை ஒரு கவுளி. எந்திரம் ஒலிக்கத் தொடங்கியதும் மனத்துக்குள் இலையை எண்ணத் தொடங்குவாராம். “ஒரு பக்கத்துக்கு ஒரு கவுளிகூட ஆகலை, அதுக்குள்ள நின்னு போச்சு” என்றார் இரண்டாம் நாள். அதன் பிறகு அந்த அறையைப் பற்றிய பேச்சே எழவில்லை.

தாலிச் சரடு, சங்கிலி ஆகியவற்றைக் கழற்றச் சொல்லும்போது பல பெண்கள் மனம் வருந்துகிறார்கள். கதிர் படும் இடத்தில் உலோகமும் கூடாது, உராய்வும் கூடாது. அத்தை நாள்தோறும் கழற்றி அம்மாவின் சுருக்குப் பையில் கொடுத்துவிட்டு உள்ளே செல்வார், வந்ததும் அணிந்துகொள்வார். துணைக்குச் செல்பவர் இதனை ஒரு பெரிய செய்தியாக்காமல் கை நீட்டி வாங்கிக்கொள்வதே அவர்களுக்கு ஆறுதல்.

தோலில் வரும் மாற்றம்

முதல் ஓரிரு வாரம் தோலில் ஒன்றும் தெரிவதில்லை. தோலின் அடியடுக்குச் செல்கள்தாம் மேலே வந்து பழைய தோலுக்குப் பதிலாக அமைகின்றன. கதிர் பட்டது அடியடுக்கில்; மேலடுக்கு உதிரும்போதுதான் கீழே ஆள் குறைந்தது தெரிகிறது. ஆகவே இரண்டாம், மூன்றாம் வாரத்தில் அரிப்பும் வெம்மையும் தொடங்குகின்றன. வெள்ளையர் எழுதிய நூல்களில் தோல் சிவக்கும் என்றிருக்கும். நம்மவர் தோல் சிவப்பதைவிடக் கருத்துப் போவதே மிகுதி. பின் வறண்டு உரியும். சிலருக்கு அக்குளிலும் மார்பின் அடிமடிப்பிலும் ஈரம் கசியும் புண்ணாகும்.

இங்கே அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிகிச்சை முடிந்த அன்றே தோல் ஆறத் தொடங்காது. முடிந்த பிறகு ஓரிரு வாரம் வரை இன்னும் மோசமாகி, அதன் பின்னரே ஆறும். பெரும்பாலோர்க்கு ஒரு மாத அளவில் புண் ஆறிவிடும். கருமை மறையப் பல மாதங்கள் ஆகும். இதனை முன்பே அறியாதவர்கள், முடிந்த பின்னும் புண் பெரிதாவதைக் கண்டு சிகிச்சை தவறிவிட்டது என்று கலங்குகிறார்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. வெதுவெதுப்பான நீரால் மென்மையாகக் கழுவலாம். குளிக்கவே கூடாது என்ற பழைய கருத்தை ஆய்வுகள் ஏற்கவில்லை. மைக்கோடு உள்ளவர்கள் மட்டும் அங்கே சொன்னபடி நடக்க வேண்டும். தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பழகிப் பழகி மென்மையான பருத்தித் துணியையே தளர்வாக அணிய வேண்டும். வெயில் நேரே படக் கூடாது. மருத்துவர் கொடுக்கும் களிம்பைத் தவிர வேறெதுவும் கூடாது.

இந்தக் கடைசிச் செய்திதான் நம் வீடுகளில் கடினம். மஞ்சள் பூசிக் குளிப்பது நம் பெண்களின் வழக்கம். வேப்பிலை அரைத்துப் போடு என்பார் ஒருவர். விளக்கெண்ணெய் தடவு என்பார் மற்றவர். எங்கள் ஊர் வாழைக்குப் பேர் போனது. தீக்காயம் பட்டவரை வாழையிலையில் கிடத்துவது போல அத்தையையும் கிடத்தலாம் என்று ஒரு பாட்டி குருத்திலையே கொண்டுவந்துவிட்டார். அன்புதான், ஆனால் இது தீக்காயம் அன்று என்பதை முன்னரே கணக்குப் போட்டுப் பார்த்தோம். புண்ணான தோலில் வெளிப்பொருள் எது பட்டாலும் சீழ் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. அந்த இலையில் அன்று வீட்டில் அனைவரும் சாப்பிட்டோம்; பாட்டிக்கும் மனக்குறை இல்லை.

சீழ், நாற்றம், காய்ச்சல், தாங்க முடியாத வலி ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை மருத்துவர் பார்க்கும் நாள் வரும் வரை காத்திருக்கக் கூடாது.

சோர்வும் உணவும்

இரண்டாவது தொல்லை சோர்வு. இது வாரத்திற்கு வாரம் ஏறி, கடைசி வாரத்தில் உச்சத்தை அடையும். முடிந்த பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணியும். ஏற்கெனவே மருந்து ஏற்றிக்கொண்ட உடம்புக்கு இது கூடுதலாகத் தெரியும். தொட்டியத்திலிருந்து திருச்சிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பேருந்துப் பயணம்; சத்திரத்தில் இறங்கி மீண்டும் ஒரு பேருந்து; உள்ளே சில நிமிடம், வெளியே பல மணி நேரம். இப்பயணச் சோர்வும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

உறங்கியே கிடந்தால் சோர்வு தீரும் என்று நாம் எண்ணுகிறோம். ஆய்வுகளோ, நாள்தோறும் சிறிது நடப்பது சோர்வைக் குறைக்கும் என்கின்றன. அத்தை மாலையில் வாய்க்கால் கரை வரை நடந்து வருவார். பகலில் ஒரு சிறு உறக்கம், இரவில் நல்ல உறக்கம், இரண்டும் வேண்டும். இரத்தம் குறைந்திருக்கிறதா என்று சோதிப்பதும் நல்லது.

உணவில் பத்தியம் தேவையில்லை. ‘சூட்டுச் சிகிச்சை, சூட்டுப் பண்டம் ஆகாது’ என்று முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள். உடைந்த வீட்டைக் கட்டக் கல்லும் மண்ணும் வேண்டாமா? தோல் மீண்டும் வளரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பயறு, பால், அவற்றோடு நிறைய நீர் இவையே மருந்து. முக்கியமாக விலக்க வேண்டியது புகையிலை. வெற்றிலை விளையும் எங்கள் ஊரில் புகையிலை போடும் பெண்கள் பலர். புகையிலை புண் ஆறுவதைத் தடுக்கும். வேறு புற்றுநோய்க்கும் அதுவே வித்து.

கையும் தோளும்

அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோள் இறுகும். கதிர்வீச்சு அதனை மேலும் இறுகச் செய்யும். எந்திரத்தின் அடியில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவும் வேண்டும். ஆகவே பயிற்சி இன்றியமையாதது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சிறிது சிறிதாகச் சுவரில் மேலே ஏறும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் எங்கள் வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தேன். நாளுக்கு நாள் கோடு மேலே சென்றதைக் கண்டு அத்தைக்கே ஊக்கம் பிறந்தது.

அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளை அகற்றி, அங்கே கதிரும் பட்டால், நிணநீர் வடிய வழி குறைந்து கை வீங்கலாம். இது மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும். அந்தக் கையில் முள், அரிவாள் வெட்டு, தீச்சுடர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் உடனே கழுவி மருந்திட வேண்டும். வளையல் இறுகுவதாகத் தோன்றினால் அதுவே முதல் அறிகுறி. தொடக்கத்திலேயே காட்டினால் அடக்கிவிடலாம்.

பிற தொல்லைகள்

கழுத்தின் அடிப்பகுதிக்கும் கதிர் கொடுத்தால் சில நாள் விழுங்கும்போது தொண்டை நோகும். மார்பு வீங்கிக் கனப்பதும், இடையிடையே ஊசி குத்துவது போல் வலிப்பதும் உண்டு. சிகிச்சை முடிந்து ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்திற்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். ஒரு சிலருக்கே வரும், மருந்தால் தீரும். ஆனால் சளி என்று விட்டுவிடக் கூடாது. நெடுநாள் கழித்துத் தோலும் தசையும் சற்றுத் தடிக்கலாம். இதயத்திற்குச் சிறிதளவு தீங்கு நேரக்கூடும் என்பதால்தான் அதனைக் கதிரிலிருந்து விலக்க அவ்வளவு கணக்குப் போடுகிறார்கள்.

மார்பில் படும் கதிரால் தலைமுடி உதிர்வதில்லை. முடி உதிர்வது மருந்துச் சிகிச்சையால். அத்தைக்கு முன்பு உதிர்ந்த முடி, கதிர்வீச்சு நடந்த நாட்களிலேயே முளைக்கத் தொடங்கியது.

குழந்தையைத் தூக்கலாமா?

அத்தைக்கு இரண்டு வயதுப் பேரன் உண்டு. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து அவர் அவனைத் தொடவில்லை. தமக்கெனத் தட்டும் டம்ளரும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். பாட்டியைக் கண்டு கை நீட்டும் குழந்தையை மருமகள் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். தோல் புண்ணைவிட இதுவே அவரை வாட்டியது.

ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றிருந்தபோது, டார்ச் விளக்கைச் சுவரில் அடித்துக் காட்டினேன். “சுவரில் வெளிச்சம் பட்டதா அத்தை? இப்போ அணைச்சிட்டேன். சுவர் வெளிச்சம் விடுதா?” என்று கேட்டேன். வெளியிலிருந்து பாயும் எக்ஸ்-கதிரும் காமாக் கதிரும் அவ்வாறே. எந்திரம் நின்ற நொடியில் உடம்பில் கதிர் என்று ஒன்று மிச்சமில்லை. அணுக்கருவை மாற்றி உடலைக் கதிரியக்கப் பொருளாக்கும் வலிமை இக்கதிர்களுக்கு இல்லை. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுப்பார்கள். அவர்கள் மட்டும் சில நாள் விலகியிருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதியதால் வந்த குழப்பமே இது. மறுநாள் மருத்துவமனையில் செவிலியரிடமும் மருமகளை நேரே கேட்கச் சொன்னோம். அன்று மாலை அவரே குழந்தையைக் கொண்டுவந்து அத்தையின் வலப்பக்க மடியில் உட்கார வைத்தார். அத்தை வெகுநேரம் பேசவில்லை. தனித் தட்டு மறுநாளே மற்றத் தட்டுகளோடு சேர்ந்தது.

நடுவில் நிறுத்தலாகாது

மார்பைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றிக்கொண்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு பெறாதவர்களில் பத்தாண்டுகளுக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு நோய் திரும்பியது. பெற்றவர்களில் 19 பேருக்கே திரும்பியது. இந்தப் பயன் முழு அளவைப் பெற்றால்தான் கிடைக்கும். இடையில் நிறுத்தினால், தப்பிய செல்கள் மீண்டும் பெருகத் தொடங்கும்.

எங்களுக்கும் அத்தகைய சோதனை வந்தது. நான்காம் வாரம் அக்குள் தோல் உரிந்திருந்தது. அதே வாரம் மதுரகாளியம்மன் கோயில் பங்குனித் திருவிழா. “நாலு நாள் விட்டுப் போனா என்ன? அம்பாள் பார்த்துக்குவா” என்று உறவினர் பலரும் சொன்னார்கள். அத்தையின் மனமும் அசைந்தது. சனி, ஞாயிறு ஓய்வு ஏற்கெனவே கணக்கில் சேர்ந்தது என்றும், அதற்கு மேல் நாமாக விடுப்பு எடுக்கக் கூடாது என்றும் மருத்துவர் சொன்னதை நான் நினைவூட்டினேன். அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார்: “காலையில போயிட்டு வந்து சாயங்காலம் சாமி பார்க்கலாம்க்கா.” அவ்வாறே செய்தார்கள். முன்னொரு வாரம் எந்திரம் பழுதாகி இரண்டு நாள் தவறியபோது, அந்த இரண்டு நாளையும் கடைசியில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆகவே தவிர்க்க முடியாமல் ஒரு நாள் தவறினாலும், இனிப் பயனில்லை என்று நின்றுவிடாமல் மறுநாளே சென்று சொல்ல வேண்டும்.

வரிசையில் எங்களோடு அமர்ந்திருந்த ஒரு பெண் மூன்றாம் வாரத்திற்குப் பின் வரவேயில்லை. தோல் உரிந்ததைக் கண்டு அஞ்சி வீட்டார் நிறுத்திவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். அந்தத் தோல் இன்னும் சில வாரங்களில் தானே ஆறியிருக்கும் என்பதை அவர்களுக்கு முன்பே எவரேனும் சொல்லியிருக்கலாகாதா என்று இன்றும் எண்ணுகிறேன்.

முடிவுரை

அத்தை இப்பொழுது மீண்டும் இலை அடுக்கச் செல்கிறார். மார்பின் கருமை இன்னும் முழுதும் மறையவில்லை. கனமான கூடையைத் தூக்குவதில்லை. குறித்த நாளில் சோதனைக்குச் சென்று வருகிறார்.

கதிர்வீச்சின் தொல்லைகள் உண்மையானவை. அவற்றை இல்லையென்று சொல்வது நேர்மையன்று. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை எந்த வாரம் வரும், எப்போது தணியும் என்று முன்கூட்டியே சொல்லக் கூடியவை. வருவது இன்னதென்று தெரிந்த வீடு, மருந்தோடும் பொறுமையோடும் அதனை எதிர்கொண்டு கடைசி நாள் வரை சென்று சேரும். தெரியாத வீடு பாதியில் திரும்பிவிடும். நம் கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியரில் பலர் என்னைப் போல் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம் தெருவில் எவருக்கேனும் ‘கரண்டு வைக்க’ வேண்டும் என்றால், நம்மைத்தான் வந்து கேட்பார்கள். அவர்களோடு ஒரு நாள் மருத்துவமனைக்குச் செல்வோம். தாளைப் படித்துச் சொல்வோம். குழந்தையை அவர்கள் மடியில் தயங்காமல் கொடுப்போம். மார்பில் கட்டியோ தோல் சுருக்கமோ கண்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுமாறு நம் தாய்மாரிடமும் தமக்கையரிடமும் இன்றே சொல்வோம். நாம் கற்கும் அறிவியல் நம் வீட்டுத் திண்ணை வரை வந்து சேர வேண்டும் என்பதே என் அவா.